தையல் மிஷினுக்கு மாறாத மனு

இன்று காலை ஓர் இரும்புக் கேட்டுக்கு ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்தேன். அந்த நெடி பட்டறை முழுக்கப் பரவியதும் கை ஓடவில்லை. பிரஷ்ஷை வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

உன் துப்பட்டாவில் எப்போதும் இதே நெடிதான். பஸ்ஸில் பக்கத்திலிருப்பவர்கள் மூக்கைப் பொத்தினால், நீ இன்னும் நெருங்கி உட்காருவாய்.

வண்டியூர்ப் பக்கம் ஒரு கிரில் பட்டறையில் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் அளவெடுத்து இரும்பை வெட்டுவேன். நீ வெல்டிங் வைப்பாய். வாடிக்கையாளர் வந்தால் மட்டும் முதலாளி உன்னைப் பின்பக்கம் போகச் சொல்வார். பொம்பளை வைத்த வெல்டிங் என்று தெரிந்தால் ஆர்டர் போய்விடுமாம். ஆறு வருடம் பொறுத்தாய். ஒருநாள் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சொன்னாய்: "நமக்குன்னு ஒரு பட்டறை போடுவம்டி. கவர்மெண்டு மானியத்தோட லோன் தருதாம்."

இரண்டு பேர் பெயரிலும் மனுப் போட்டோம். தொழில் அலுவலகத்தில் தேறியது. தொழில் நடத்துவதற்கான பயிற்சி வகுப்பும் முடித்தோம். வங்கியில்தான் நின்றுபோனது.

"வெல்டிங்கா? பொம்பளைங்களுக்கு எதுக்கும்மா நெருப்பு வேலை?" என்றார் மேனேஜர். "தையல் மிஷினுன்னு மாத்திக் குடுங்க. இந்த வாரமே போட்டுரலாம்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மனசு ஆடிவிட்டது. கிடைப்பதை வாங்கிக்கொள்வோம் என்று உன் முழங்கையை இடித்தேன். நீ திரும்பியே பார்க்கவில்லை.

"எனக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாது சார். இரும்பை ஒட்டத் தெரியும். தர முடியாதுன்னா அதை எழுதிக் குடுங்க."

"அப்படியெல்லாம் எழுதித் தர மாட்டோம்மா."

"அப்ப நாளைக்கு வாரோம்."

எத்தனை நாளைக்குப் போனோம்! காவலாளியே நமக்கு நாற்காலி எடுத்துப் போட ஆரம்பித்துவிட்டார். கடைசியில் ஒரு திங்கட்கிழமை, கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்றோம். என்ன அனுபவம் இருக்கிறது என்று கேட்ட அதிகாரியிடம், பொறி தெறித்த தழும்புகளோடு இரண்டு கைகளையும் நீட்டினாய். "இம்புட்டு இருக்கு சார்." அவர் அங்கேயே மனுவில் குறிப்பு எழுதினார். மறுமாதம் வங்கியின் ஒப்புதல் கடிதம் வந்தது.

கடிதம் வந்த பத்தாம் நாள் நீ காய்ச்சலில் படுத்தாய். ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் நீ இல்லை.

காரியம் முடிந்து நான் தனியாக வங்கிக்குப் போனேன். மேனேஜர் குரலில் இரக்கம் இருந்தது. அதுதான் எனக்கு எரிந்தது. "அந்தம்மாதானே வெல்டர்? உங்களுக்கு அந்த வேலை தெரியாதே. வேற தொழிலுக்கு மாத்திக்கங்க. இல்லைன்னா ஃபைலை மூடிற வேண்டியதுதான்."

அதுவரை நான் வெல்டிங் ஹோல்டரைக் கையில் பிடித்ததில்லை. ஆனாலும் சொன்னேன்: "தொழிலை மாத்த மாட்டேன் சார். வேலையைக் கத்துக்கிட்டு வாரேன்."

மூன்று மாதம் வெல்டிங் பயிற்சிக்குப் போனேன். கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. முதலில் வைத்த ஒட்டு கம்பளிப்பூச்சி மாதிரி நெளிந்தது. நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். என் பெயரில் புதிதாக மனு எழுதி, அதே தொழிலைப் போட்டேன். பயிற்சி நிலையத்துக்கு ஆய்வுக்கு வந்த மேனேஜர் முன்னால் இரண்டு இரும்புச் சட்டங்களை ஒட்டி, ஆறியதும் அவர் கையில் கொடுத்தேன். தரையில் ஓங்கித் தட்டிப் பார்த்தார். ஒட்டு விடவில்லை. கையெழுத்துப் போட்டார்.

பட்டறை இப்போது நடக்கிறது. போர்டில் உன் பெயர்தான் முதலில். போன வாரம் வீடு கட்டும் ஒருவர் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். "ஆம்பளையாளு யாரும் இல்லையாம்மா?"

"இல்லண்ணே. அளவைச் சொல்லுங்க."

சொன்னார். எழுதிக்கொண்டேன். அவர் போனதும் அடுத்த கம்பியை எடுத்து ஓங்கி வெட்டினேன். உன்னைப் போலச் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. நீ எனக்கு விட்டுவிட்டுப் போன கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. இத்தனை நாளாயிற்று, இனி ஆறவிடு என்கிறார்கள் வீட்டில்.

விட மாட்டேன்.