தொட்டியில் ஊற்றிய எண்ணெய்

செவ்வாய்க்கிழமை, இரவு.

வெள்ளைக்காரத் துரையின் ஆய்வுக்கூடத்தில் கொசுப்புழு தின்னும் மீன்களை வளர்க்கிறோம். அவற்றின் குஞ்சுகளுக்குத் தீனியாக நான் தொட்டியில் வளர்த்த தண்ணீர்ப் பூச்சிகள் அத்தனையும் இன்று செத்துப்போயின. காரணம் மாரியப்பன். எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் முழுக்கக் கொசுவை ஒழிக்கத் தேங்கிய தண்ணீரில் எண்ணெய் ஊற்றுகிறவன்.

“என்னடா பண்ணிட்ட?”

“தண்ணி நின்னா ஊத்தணும்னு ஆர்டர்ண்ணே. உள்ள என்னமோ நெளிஞ்சுச்சு.”

“அது நான் வளக்குறதுடா!”

“போங்கண்ணே, பூச்சிய யாராச்சும் வளப்பாங்களா?” கூட்டாளிகளோடு சேர்ந்து சிரிக்கிறான்.

துரையிடம் போனால், தொட்டியை மூடாதது என் தப்பாம். மூடினால் வெயில் படாது, பூச்சி தின்னும் பச்சைப் பாசி தண்ணீரில் பிடிக்காது, பட்டினி கிடக்கும். அதைச் சொல்வதற்குள் காரில் ஏறிவிட்டார்.

வேறு பூச்சி பிடித்துப் பெருக்கும்வரை குஞ்சுகள் பிழைக்குமா தெரியவில்லை. காலையில் என்னைக் கண்டதும் வாயைத் திறந்துகொண்டு கண்ணாடிக்கு வரும். மாரியப்பனைத் தின்னுங்கள் என்றா சொல்வேன்?