ரொவேனாவுக்குக் கேட்கும் குரல்கள்

அன்புள்ள மிலாக்ரோஸ்,

இங்கே நம் ஊர் இலோயிலோவில் விடாத மழை. ஹாங்காங்கில் நீ பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் சுகமா?

நம் ரொவேனா கல்லூரிக்குப் போவதில்லை. பரீட்சைக் களைப்பு என்று போனில் உன்னிடம் சொன்னேன். நானும் அப்படித்தான் நம்பினேன். பிறகு குளிப்பதை விட்டாள். நான் வைத்த மீன் சூப்பில் விஷம் கலந்திருப்பதாகச் சொல்லிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். ஆளில்லாத மூலையைப் பார்த்துப் பேசினாள்.

"பேய் புடிச்சிருக்கு, மந்திரிச்சு விடுங்க" என்றாள் உன் அக்கா. நான் ரொவேனாவிடமே கேட்டேன்.

"யார்கிட்டம்மா பேசுற?"

"அப்பா, உங்களுக்கு நெஜமாவே கேக்கலையா?"

"இல்லம்மா. ஆனா உனக்குக் கேக்குதுன்னு நம்புறேன்."

உடைந்து அழுதாள். இத்தனை நாளும் அந்தக் குரல்களையெல்லாம் தனியாகக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். மறுநாள் என்னோடு மருத்துவமனைக்கு வந்தாள். மனச்சிதைவு நோயாம். சீக்கிரமே கூட்டிவந்தது நல்லது, மருந்தில் தேற வாய்ப்புண்டு என்றார் டாக்டர்.

நீ கூப்பிட்டால் அவள் ஏன் போனை எடுப்பதில்லை என்று கேட்டாயே. அதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் குரலும் அந்தக் குரல்களில் ஒன்று என்று நினைக்கிறாள்.

வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லமாட்டேன். ஒரே ஒருமுறை வந்து, எதுவும் பேசாமல், அவள் கையைப் பிடித்துக்கொள்.

உன் வழி பார்த்திருக்கும்,
உன் கணவன்