சொல்லாமல் வைத்த சோதனை

கோயம்புத்தூர்
9.6.1995

அன்பு மகள் எழிலுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் திடமாக இருக்க வேண்டும். முந்தாநாள் நீ பூத்துக்கு போன் போட்டு, "அப்பா, வால்வு தொறக்கலீங்க, நான் சொன்னதுதான் சரீங்க" என்று சொன்னபோது, நான் "சரி கண்ணு, சரி கண்ணு" என்பதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை, கோபித்துக்கொள்ளாதே. பேச்சு வரவில்லை. பூத்தை விட்டு வெளியே வந்ததும் வந்துவிட்டது, இன்னும் நிற்கவில்லை. எட்டாவதோடு நின்றவன், மகள் வேலை பார்க்கும் அணு உலையைப் பால்காரருக்கு விளக்கினால் எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். உலையை நிறுத்தினாலும் உள்ளே சூடு அடங்காது, தண்ணீர் வரும் பெரிய குழாய் உடைந்தால் உடனே அவசரத் தண்ணீர் பாய வேண்டும், அதற்கு ஒரு வால்வு தானாகத் திறக்க வேண்டும் என்று நீ எழுதியிருந்ததை அப்படியே ஒப்பித்தேன். அந்த வால்வு நிஜமாகவே திறக்குமா என்று கேட்டவள் என் பெண் ஒருத்திதான் என்றும் சேர்த்துக்கொண்டேன். பால்காரர், "ஏனுங்க, அத்தன நாளும் யாருமே பாக்கலீங்களா" என்றார். மாதாமாதம் பார்த்தார்கள், மாதாமாதம் திறந்தது, ஆனால் சோதனைத் தேதி எல்லோருக்கும் தெரியும், முந்தின நாளே சென்னகேசவன் என்ற மெக்கானிக் எண்ணெய் விட்டுக் கையால் திருப்பி இளக்கி வைத்துவிடுவார், விபத்து தேதி சொல்லிவிட்டா வரும் என்றேன். அவர் பால் ஊற்றுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். எல்லாம் உன் வாசகம்தான், முகம் மட்டும் என்னுடையது.

சொல்லாமல் சோதனை வையுங்கள் என்று நீ கேட்டதற்கு, கூட வேலை செய்கிறவர்களைச் சந்தேகப்பட்டாய் என்று விசாரணை வைத்து, வேறு ஊருக்கு மாற்றப்போவதாகவும் மிரட்டினார்களே, அத்தனை நாளும் அம்மா சோற்றைப் பிசைந்ததோடு சரி. நான் தைரியமாகத்தான் இருந்தேன், அம்மா பார்க்கும்போது மட்டும். இப்போது ஒருவழியாகச் சொல்லாமல் வைத்த சோதனையில், பெரிய அதிகாரிகள் எல்லாம் சுற்றி நிற்க, பட்டனை மூன்று தரம் அழுத்தியும் வால்வு அசையவில்லையாமே. வால்வுகளைச் சரிசெய்யும்வரை உலை ஓடாது என்றும், இனிமேல் சோதனை நாளை நீதான் குறிப்பாய், வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்றும் உத்தரவே போட்டுவிட்டார்கள் என்று நான் சொன்னதும் அம்மா இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

இதில் எனக்கும் ஒரு புத்தி வந்தது. நம் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் ஒரே பட்டனில் ஓடும் என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவார். அதன் பேட்டரி செத்துப்போனதால், விசேஷ நாளில் நான் முன்கூட்டியே வேன் பேட்டரியை மாட்டி ஓட்டிச் சூடேற்றி வைப்பது அவருக்குத் தெரியாது. சென்னகேசவன் வேலையைத்தான் நான் இங்கே மேனேஜர் என்ற பெயரில் செய்துகொண்டிருக்கிறேன். நேற்று பஷீர் பாய் மறுநாள் நிக்காஹ் விருந்துக்குக் கிரைண்டரில் இஞ்சி பூண்டு அரைத்துக்கொண்டிருந்தபோது, யாரிடமும் சொல்லாமல், என்னிடமே சொல்லாமல் என்றுகூட வைத்துக்கொள், மெயினை இறக்கிவிட்டுப் பட்டனை அழுத்தினேன். 'டிக்' என்றது, அவ்வளவுதான். சமையற்கட்டிலிருந்து பஷீர் பாய், "அங்கப்பண்ணே, உங்க சோதனைக்கு எம் பிரியாணிதான் கெடச்சுதுங்களா" என்று சத்தம் போட்டார். அந்நேரம் பார்த்து முதலாளியும் வந்து சேர்ந்தார். "அங்க உங்க பொண்ணு அணு உலைய நிறுத்திப்போட்டா, இங்க நீங்க கிரைண்டர நிறுத்திப்போட்டீங்க, நல்ல குடும்பமுங்க" என்று திட்டினார். திட்டி முடித்ததும் புது பேட்டரிக்கு ஆள் அனுப்பினார். இன்றைக்குப் பந்தி நடுவில் நிஜமாகவே கரண்ட் போனது. ஒரே பட்டன், ஓடிவிட்டது. பஷீர் பாய் எனக்கு ஒரு கரண்டி கூடவே போட்டார், அது உனக்குச் சேர வேண்டியது.

ஒன்று சொல்ல வேண்டும் கண்ணு. சென்னகேசவன் எண்ணெய் விட்டது அக்கறையால், தேதி சொன்னதுதான் தப்பு என்று நீ விசாரணையில் அவருக்காகப் பேசினாய் என்று கேட்டதைத்தான் அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் இன்னும் உன்னோடு பேசவில்லை என்றாய். நீயே போய்ப் பேசு. அம்மா கச்சாயம் சுட்டு பார்சல் அனுப்பியிருக்கிறாள், பாதியை அவர் வீட்டுக்குக் கொடு. நம்மைப் போன்ற ஆளாகத்தான் தெரிகிறார், ரோஷம் பலகாரத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நிற்காது.

தலைநிமிர்ந்து நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், நம் கோயில் ஆத்தா உன் கூடவே இருப்பாள். லீவுக்கு எந்தத் தேதி வருகிறாய் என்று கேட்டு எழுதச் சொன்னாள் அம்மா. எழுதாதே. தேதி தெரிந்தால் அம்மா சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பாள், நான் தலைக்கு மை பூசிக்கொள்வேன், மாத்திரை டப்பாவெல்லாம் அரிசி டின்னுக்குப் பின்னால் போய்விடும், நீயும் எல்லாம் நல்லபடி இருக்கிறது என்று நம்பித் திரும்பிவிடுவாய். மறக்காமல் ஒரு நாள் சொல்லாமல் வந்து கதவைத் தட்டு. அப்போது எப்படி இருக்கிறோமோ அப்படியே வந்து திறக்கிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா
அங்கப்பன்