சட்டையில் தைத்த நலம்

அம்பத்தூர்
12.6.95

நைனாவுக்கு உங்கள் சொர்ணம் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் இருமல் நின்றதா?

இப்போது எக்ஸ்போர்ட் சட்டைக் காலரில் லேபிள் தைக்கிறேன். ‘இதைத் தைத்தவர்கள் நலம்’ என்று அதில் இங்கிலீஷில் இருக்கிறதாம். அதற்காகவே வெளிநாட்டில் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்களாம்.

நேற்று சட்டை வாங்கும் அந்த வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வந்ததால் கம்பெனியின் பின்கதவைத் திறந்து வைத்தார்கள். அவர்கள் கார் கிளம்பியதும் பூட்டிவிட்டார்கள். அயர்ன் மேசைப் பக்கம் ஒயர் கருகும் வாடை இன்னும் வருகிறது. சூப்பர்வைசர் வேம்புலியிடம் சொன்னேன்.

"துணி திருட்டு பூடுது, அதான் பூட்டி வச்சிகீறோம். உனுக்கு இன்னா பயம்?" என்றார்.

பயமெல்லாம் இல்லை, நைனா. சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன். வரும்போது செருப்புக்கு ஆணி அடிக்க ஒரு சுத்தியல் கொண்டு வாருங்கள். சின்னது வேண்டாம். நீங்கள் கல் உடைப்பீர்களே, அது.

சொர்ணம்