ஸ்டியரிங் என் மேசையில்

ஜூன் 18, புதன்

பாசில் நானாவின் காருக்கு, வேண்டும்போது கழற்றி மாட்டக்கூடிய குயிக் ரிலீஸ் ஸ்டியரிங்கைப் போன வாரம் நான்தான் பூட்டினேன். அது ஆடுகிறது என்று இன்று குண்டசாலைக்குக் கூப்பிட்டார். ஸ்டியரிங்கைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஹப்பை, அதாவது ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் அடிப்பாகத்தை, தண்டோடு இறுக்கும் நட்டு அசைந்தால் தெரியட்டும் என்று நான் போட்ட வெள்ளைப் பெயின்ட் கோடு இரண்டாக விலகியிருந்தது. நட்டின் மூலைகளில் புதிய ஸ்பேனர் கீறல். நான் ஸ்பேனரே வைக்கவில்லை. சொக்கெட் போட்டு, டோர்க் ரென்ச்சில் அளவு பார்த்துத்தான் இறுக்கினேன்.

"யார் நானா இத கழட்டின?"

"யாரும் கை வைக்கல்ல. மாட்டக்குள்ள டக்குன்னு சத்தம் வருது தானே, அது போதாதா?"

அந்தச் சத்தம் ஸ்டியரிங் ஹப்பில் பூட்டிக்கொண்டதை மட்டும்தான் சொல்லும். ஹப்பே கழன்றால் இரண்டும் சேர்ந்து கையோடு வரும். நாளைக் காலையில் பிள்ளைகளோடு மஹியங்கனை மலைப்பாதை வளைவுகளில் இறங்கப் போகிறாராம்.

உண்மையைச் சொல்லும்வரை ஓட்டக்கூடாது என்று ஸ்டியரிங்கைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். "கள்ளனாடா நீ?" என்று கேட் வரைக்கும் கத்தினார். மூன்று முறை கோல் எடுத்தார், நான் பேசவில்லை. பிறகு அவரிடமிருந்து ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது.

"சரி, நான்தான் கழட்டின. நேரா ஓடக்குள்ள ஸ்டியரிங் கோணலா நின்டிச்சி. ஹப்ப கழட்டி, தண்டுல ஒரு பல்லு தள்ளிப் போட்டேன்."

பொய்யைப் பிடித்தாயிற்று. சந்தோஷம்தான் வரவில்லை. கோணலாகப் பூட்டியது யார்? நான் நேராகத்தான் வைத்தேன். வைத்தபின் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேனா என்பதுதான் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.