மஞ்சள் பைக்குப் போனவன்

என் குண்டுப் புருஷன் பர்ஜோவுக்கு சுமினியின் சலாம். இருமல் நின்றதா? அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? எனக்கு உடம்பு பரவாயில்லை, பயப்படாதீர்கள்.

பெருநாளுக்கு நான் ஊருக்கு வந்தபோது தரித்த நம் பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கழிப்பறையைக் கழுவிக்கொண்டிருந்தபோதே விழுந்துவிட்டான். பையன்தான். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்தால் வேலையை விட்டு நீக்கி, பினாங்கிலிருந்து ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மறைத்திருந்தேனே, அதனால் யாரையும் கூப்பிடவில்லை.

இங்கே குப்பைக்கு இரண்டு பை. ரத்தம் பட்டதெல்லாம் மஞ்சள் பையில் போட வேண்டும், அது எரிக்கிற உலைக்குப் போகும். மற்றது கறுப்புப் பை. அதை ஊருக்கு வெளியே குழியில் கொட்டி மண் போடுவார்கள். மண்ணாவது கிடைக்கட்டும் என்று அவனை என் முக்காட்டில் சுற்றி, ஓதி, கறுப்புப் பையில் வைத்தேன்.

மேற்பார்வை பார்க்கும் ரொஸ்னா அக்கா பையைப் பிரித்துவிட்டார்.

"ஏண்டி, தினமும் பை கட்டுற, நிறம் தெரியாதா? அபராதத்தை உங்கப்பனா கட்டுவான்?"

"அக்கா, இது என் பிள்ளை."

"பிள்ளைன்னா மேல சொல்றேன், நாளைக்கே உன்னைக் கப்பல் ஏத்துவாங்க. குப்பைன்னா மஞ்சள்ல போடு. நீயே சொல்லு, எது?"

நானே போட்டேன். நானே கட்டினேன்.

முக்காடு ஒன்று அனுப்புங்கள், பழையது போதும். அம்மாவிடம் சொல்ல வேண்டாம். வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன்.

மறுமை நாளில் எல்லோரையும் மண்ணிலிருந்து எழுப்புவார்கள் என்று பள்ளிவாசலில் சொல்வார்களே. புகையாகப் போனவனை எங்கிருந்து எழுப்புவார்கள்?