அண்ணன் போட்ட நான்கு வரிசை

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

எங்கள் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த நுண்ணுயிர்ப் பொடியை அனுப்பியிருக்கிறேன். வெல்லக் கரைசலில் குழைத்து விதைக்கடலையில் தடவி, நிழலில் உலர்த்தி விதையுங்கள். வேரில் முடிச்சு கட்டி, காற்றிலிருந்தே செடிக்குச் சத்து எடுத்துக் கொடுக்கும் என்கிறோம். சொன்னால் போதாது, தெரிய வேண்டும். ஆகவே பாதி வயலுக்கு மட்டும் தடவுங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் என் எட்டு வருட வேலையை மூட்டை கட்டிவிடுவார்கள்.

அண்ணன் சிரிப்பார். சிரிக்கட்டும்.

உங்கள் நாத்தனார்

ஜூலை 20

அன்பு நாத்தனாருக்கு,

வயல் பச்சைப் பசேலென்று நிற்கிறது. நடுவில் கயிறு கட்டியிராவிட்டால் எது எந்தப் பாதி என்று எனக்கே தெரியாது. இரண்டும் அவ்வளவு செழிப்பு! உன் அண்ணன் மட்டும், "கறுப்புப் பொடிய தடவினா காய்ச்சிடுமா?" என்று கிணற்றோரம் நான்கு வரிசை பொடி தடவாமல் தனியாகப் போட்டுக்கொண்டார். வீராப்புக்கு மருந்து ஏது?

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி

ஜூலை 27

அண்ணி,

உங்கள் சந்தோஷத்தைப் படித்தபின் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு பாதியும் ஒன்றுபோல் என்றால் பொடி ஒன்றும் செய்யவில்லை என்று பொருள். பாதிக்கு ஒரு செடியாகப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் நுண்ணுயிர் வேலை செய்கிறது. தடவாத பாதியிலும் அப்படி இருந்தால், நடந்ததைச் சொல்லிவிடுங்கள்.

நாத்தனார்

ஆகஸ்ட் 3

கண்ணு,

இரண்டிலும் சிவப்புதான். பொடி மிஞ்சியது. ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒன்றுக்குச் சோறு போட்டு, மற்றதை வேடிக்கை பார்க்க வைக்க மனசு வரவில்லை. இது உன் வேலைக்கே உலை வைக்கும் என்று யோசிக்கவில்லை. திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு. கடிதத்தில் உனக்குத் திட்டவே வராது.

அண்ணி

ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணிக்கு,

திட்டத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் கிணற்றோரம் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அண்ணனின் வரிசைகள் எப்படி இருக்கின்றன? அதே விதையா, அதே நாளில் போட்டாரா? நான்கு வரிசை ஆய்வறிக்கைக்குப் போதாது. இன்னொரு பருவம் கேட்டு வாங்கப் போதும். எங்கள் குடும்பத்து அவநம்பிக்கை முதல்முறையாக உபயோகப்படுகிறது.

சனிக்கிழமை வருகிறேன். எதையும் தொடாதீர்கள்.

நாத்தனார்

ஆகஸ்ட் 13

கண்ணு,

அதே விதை, அதே நாள், அதே தண்ணீர். ஆனால் இலையெல்லாம் மஞ்சளாகி, நோஞ்சானாய் நிற்கின்றன. "என் தங்கச்சிகிட்ட சொல்லிடாத" என்று காலையிலிருந்து யூரியா வாளியோடு கிணற்றையே சுற்றுகிறார். நான் வரப்பில் நாற்காலி போட்டு, காவல் காத்தபடி இதை எழுதுகிறேன்.

செடிகளைப் பார்த்தாலும் பாவமாக இருக்கிறது, அவரைப் பார்த்தாலும் பாவமாக இருக்கிறது. இந்தத் தடவை இரங்குவதாக இல்லை. ஆனாலும் சனிக்கிழமை வரை என் மனசு தாங்குமா தெரியவில்லை. முடிந்தால் வெள்ளியே வந்துவிடு.

அண்ணி